ஊர் ஊராகச் சுற்றி இணையத் தொழில் செய்பவருக்கு உலகச் செய்தி எதற்கு?

கேள்வி இது: "பயணம் செய்துகொண்டே இணையத்தில் தொழில் நடத்துகிறவர்கள் பலரும் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'தொழில்நுட்பம், சமூகம், உலகச் செய்திகளில் ஆர்வம்' என்று எழுதிக்கொள்கிறார்கள். அது தொழிலுக்கு உண்மையிலேயே உதவுகிறதா, சும்மா எழுதுவதா?"

பாதி சும்மாதான். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மீதிப் பாதி என்ன என்று சொல்ல, ஒரு சனிக்கிழமை இரவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வகுப்பு நேரம் குறித்துக் கொடுக்கிற சின்னச் செயலி ஒன்றை நடத்துகிறேன். நாங்கள் மூன்று பேர், மூன்று நாடுகளில். அதில் என் நாடு மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். செயலியின் வேலை கேட்பதற்கு அற்பமானது: ஆசிரியருக்கு மாலை 6 மணி என்றால் வேறொரு நாட்டில் இருக்கும் மாணவருக்கு எத்தனை மணி என்று பிசகாமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

2023 மார்ச் 25, சனிக்கிழமை இரவு. லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியையிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்: "நாளைக்கு அங்கே மணி என்னவாக இருக்கும்?" எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் எழுத உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

லெபனானில் கோடைக்காலத்துக்காக மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், குளிர்காலம் வரும்போது பழையபடி பின்னே வைப்பார்கள். அந்த வருடம் அது 26ஆம் தேதி. அதற்கு மூன்று நாள் முன்னால், 23ஆம் தேதி, பிரதமர் நஜீப் மிகாத்தியின் அரசு அதை ஏப்ரல் 20ஆம் தேதி நள்ளிரவில் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டது. ரமலான் மாதம் தொடங்கியிருந்த சமயம். கடிகாரத்தை மாற்றாமல் விட்டால், மணிக் கணக்கில் பார்க்கும்போது நோன்பு திறக்கும் நேரம் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். மாரோனைட் கிறிஸ்தவத் திருச்சபை, "எங்களைக் கேட்காமல் முடிவு செய்தீர்கள், நாங்கள் வழக்கம்போல் மாற்றிக்கொள்வோம்" என்றது. சில தொலைக்காட்சிகளும் பல பள்ளிக்கூடங்களும் அதன் பக்கம் நின்றன. ஞாயிறு விடிந்தபோது ஒரே ஊரில் இரண்டு மணி. தேசிய விமான நிறுவனம் பழைய நேரத்தை வைத்துக்கொண்டு, விமானம் கிளம்பும் நேரங்களை மட்டும் மாற்றியது.

எங்கள் சர்வர் என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால் இன்னொன்று தெரிய வேண்டும். உங்கள் கைப்பேசியும் உலகத்தின் பெரும்பாலான சர்வர்களும் எந்த ஊரில் எப்போது மணி மாறும் என்பதை ஒரு பொதுத் தரவுத்தொகுப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. டீஸட் தரவுத்தளம் என்பார்கள். திறந்து பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்புகள். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கியது, இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார், சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். லெபனான் அறிவித்த அன்றே, அந்தத் தள்ளிவைப்பைச் சேர்த்து, 2023பி என்ற பதிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதை எங்கள் சர்வரில் ஏற்றிவிட்டேன். செய்தியை முந்திப் படித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. எங்கள் மாணவர்களில் பாதிப் பேரின் பள்ளி புது நேரத்துக்கு மாறப்போகிறது. அவர்கள் வீட்டுக் கடிகாரம் 5 மணி காட்டும்போது, சர்வரின் கணக்கில் 4 மணிதான். பிள்ளை ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காலியான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய பதிப்புக்கே திரும்பினால் மற்றப் பாதிக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்.

நிரல் எழுதியே பழகிய மனசு, "சரி, எது உண்மையான நேரம்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்குக் கணினியில் பதில் கிடையாது. அதற்கு லெபனானைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஜனாதிபதி மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் என்று பதவிகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2022 அக்டோபரோடு மிஷேல் அவூனின் பதவிக்காலம் முடிந்து, ஜனாதிபதி நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த நேரத்தில் சபாநாயகர் நபீஹ் பெர்ரி பிரதமரிடம் கடிகார மாற்றத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் வீடியோ வெளியானது. ஒரு தரப்பு நாற்காலியில் இல்லாதபோது மற்ற இருவர் நேரத்தையே மாற்றிவிட்டார்கள் என்றால், எந்த ஊரிலும் அது மணிக் கணக்காக மட்டும் நிற்காது.

அன்றிரவு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமையே அந்த அப்டேட்டை ஏற்றாமல் யோசித்திருப்பேன். கடைசியில் நாங்கள் செய்தது நாகரிகமான தீர்வு எதுவும் இல்லை. நாற்பது சொச்சம் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டோம்: "நாளைக்கு உங்கள் வீட்டில் எந்த மணி?" ஒரு அம்மா எழுதிய பதில் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. "பெரியவன் பள்ளியில் புது நேரம், என் அலுவலகத்தில் பழைய நேரம். சமையலறைக் கடிகாரத்தை அப்படியே விட்டுவிட்டோம், கூடத்துக் கடிகாரத்தை மாற்றிவிட்டோம். உங்கள் வகுப்பு கூடத்தில்."

திங்கட்கிழமை அமைச்சரவை கூடி முடிவை வாபஸ் வாங்கியது. புதன் நள்ளிரவு கடிகாரம் முன்னே போனது. 28ஆம் தேதி வந்த 2023சி பதிப்பின் குறிப்பில், இது 2023ஏ பதிப்பேதான், அதாவது தள்ளிவைப்புக்கு முன்னால் இருந்ததேதான் என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் அலைந்துவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. தொழில்நுட்பம், சமூகம், உலகச் செய்தி என்று மூன்று தனித்தனி ஆர்வங்களாக நாம் எழுதிக்கொள்கிறோம், கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அடி விழுந்தபோதெல்லாம் மூன்றும் ஒன்றாகவே வந்தன. நடுவில் இருக்கும் 'சமூகம்' என்ற அந்த மங்கலான சொல்லைத்தான் நான் ரொம்ப நாள் ஒப்புக்கு எழுதி வைத்திருந்தேன். கூடுதலாகப் படித்திருக்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், தலைப்புச் செய்திகள் என் தொழிலைத் தொட்டது அபூர்வம். தொட்டவை எல்லாம் உள்பக்கத்து மூலையில் வரும் சமாச்சாரங்கள். துருக்கியில் 2015 நவம்பர் 1 தேர்தலுக்காகக் கடிகார மாற்றத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். அக்டோபர் 25 அன்று பலருடைய கைப்பேசிகள் அரசு சொன்னதைக் கேட்காமல் தாமாகவே மாறிக்கொண்டன. மொராக்கோ 2018இல், கடிகாரத்தைப் பின்னே வைக்க இரண்டே நாள் இருக்கும்போது, இனி வைக்கப்போவதில்லை என்று அறிவித்தது. இவற்றை எந்த ஊர்த் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வரியும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல், இணையம் வழியாக விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு, விற்பவர் நாட்டின் மதிப்புக் கூட்டு வரி போய் வாங்குபவர் நாட்டின் வரி வந்தது. பெரிய நிறுவனங்கள் வரி குறைந்த லக்சம்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு கண்டம் முழுக்க விற்றதை நிறுத்துவதுதான் நோக்கம். நியாயமான நோக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாதம் பத்துப் பேருக்கு மின்னூல் விற்கிறவரும், வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போது பொதுவான வரி ஹங்கேரி என்றால் 27 சதவீதம், லக்சம்பர்க் என்றால் 17. அந்த விதி எதற்கு வந்தது என்று படித்தவர்களுக்கு, அடுத்து எந்தப் பக்கம் நகரும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. மற்றவர்கள் கணக்காளரைத் திட்டினார்கள்.

பயணத்துக்கு என்று தனியாகப் படிப்பது கொஞ்சம்தான். ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற கணக்கைப் பாஸ்போர்ட்டின் முத்திரைகளை விரல் வைத்து எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்து இயந்திரமே எண்ணத் தொடங்கியிருக்கிறது. தீவு நாட்டுக்குப் போவதென்றால் அங்கே எத்தனை கடலடி கேபிள்கள் கரையேறுகின்றன என்று பார்த்துவிடுவேன். டோங்காவில் 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்தபோது வெளியுலகத்தோடு இருந்த ஒரே கேபிள் அறுந்து, தலைநகர் இருக்கும் பெரிய தீவுக்கே அது திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. அழகான கடற்கரை படத்தில் அந்தக் கேபிள் தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் இப்போது நான் மிகக் குறைவாகப் படிப்பது தொழில்நுட்பச் செய்திதான். அதில் முக்கால்வாசி நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வது. எனக்குத் தேவையான கருவி மாறினால் மறுநாள் காலை அது வேலை செய்யாமல் போய் அதுவே எனக்குச் சொல்லிவிடும்.

இன்னொரு வியாதியும் எங்கள் ஆட்களிடம் உண்டு. ஓர் ஊரில் இரண்டு வாரம் தங்கிவிட்டு, அந்த ஊர் அரசியலை அந்த ஊர்க்காரருக்கே விளக்குவது. நானே செய்திருக்கிறேன். எதிரில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் ஒருமுறைகூட மறுக்கவில்லை. அவர் மறுக்காததன் அர்த்தம் ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நமக்கு அங்கே ஓட்டும் கிடையாது, மொழியும் அரைகுறை. இப்போதெல்லாம் கேட்டுக்கொள்வதோடு சரி. வாடிக்கையாளர் கடிதங்களையும் அந்தக் காதோடுதான் படிக்கிறேன். லெபனான் விஷயத்தில் எனக்கு உண்மையான செய்தி சொன்னது எந்தப் பத்திரிகையும் இல்லை, அந்த ஆசிரியையின் ஒற்றை வரிதான்.

செய்தி படித்து வீணான உழைப்பும் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம், 2021 முதல் கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளும் வழக்கத்தையே கைவிடுவது என்று வாக்களித்தது. அதற்கு முந்தைய வருடம் நடந்த கருத்துக் கேட்பில் 46 லட்சம் பேர் பதில் சொல்லி, அதில் 84 சதவீதம் பேர் கைவிடச் சொல்லியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் மூன்று வாரம் உட்கார்ந்து, 27 நாடுகளும் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தாங்கும்படி நிரல் எழுதி வைத்தேன். உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வரவில்லை. அந்த நிரல் இன்னும் அங்கேயே, அணைத்து வைத்தபடி கிடக்கிறது.