ஃப்ரண்ட் லோடு மெஷினில் தண்ணீர் கொஞ்சம்தான் தெரிகிறது, துணி எப்படி வெளுக்கிறது?

முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் வாஷிங் மெஷின்தான் ஃப்ரண்ட் லோடு. மேலே திறக்கும் மெஷினில் டிரம் நிமிர்ந்து நிற்கும். துணி முங்கிச் சுழல நிறையத் தண்ணீர் வேண்டும். இதில் டிரம் படுத்திருப்பதால் அடியில் கொஞ்சம் நின்றால் போதும். உள்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகள் ஈரத்துணியை மேலே தூக்கும், அங்கிருந்து தொப்பென்று விழும், மறுபடி தூக்கும். கொல்லையில் துவைக்கிற கல்லில் சோப்புத் துணியை அடிப்பது மாதிரிதான்: அழுக்கை எடுப்பது சோப்பும் அடியும், பக்கத்தில் இருக்கும் வாளித் தண்ணீர் அல்ல. அதனால் டிரம்மைத் திணித்து அடைக்காதீர்கள், துணி விழ இடம் வேண்டுமே! கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் சென்னை வீடுகளுக்கு இந்தச் சிக்கனம் சும்மா இல்லை. அப்புறம், நுரை பொங்கினால்தான் வெளுக்கும் என்று பவுடரை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் நுரை கூடினால் துணி விழும் வேகம் குறைந்து அடி மெலிந்துவிடும்.