ஏழாவது பிள்ளை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மறுபடி ஞானஸ்நானம் பெற்றதற்காக நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 1539இல் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்ட ஆன்னெகன் யான்ஸ் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். பதினைந்து மாதக் குழந்தையை வழியில் நின்ற ரொட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சாகப் போனாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஊரில் சி.எஸ்.ஐ.யிலிருந்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பார்கள். வீட்டில் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது, அவ்வளவுதான். இதற்காக ஓர் உயிரா? தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே? இந்த விசுவாசத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

எஸ்.
நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்துக்குப் பாதிக் காரணம் என் குறிப்புதான். அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது, பிள்ளையை விட்டு விசுவாசத்தை எடுத்துக்கொண்டாள் என்று தொனிக்கும்படி எழுதிவிட்டேன். சட்டம் அப்படி இல்லை.

1535 ஜூனில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் பிறப்பித்த ஆணையை எடுத்துப் பாருங்கள். மறுஞானஸ்நானம் பெற்றவர் பிடிவாதமாக நின்றால் தீ. மனம் திரும்பினேன் என்று அழுதால் ஆண்களுக்கு வாள், பெண்களுக்கு உயிரோடு புதைகுழி. மன்னிப்புக் கேட்பவருக்கு அந்த ஆணை தந்த சலுகை, சாவின் வகையை மாற்றிக்கொள்வதுதான். நீங்கள் சொல்லும் அந்த ‘ஒரு வார்த்தை’க்கு வீட்டுக்கு அனுப்பும் விலை சட்டத்தில் இல்லை.

இவ்வளவு மூர்க்கம் ஏன்? குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அன்று வெறும் சபைச் சடங்கு இல்லை. ஊரில் பிறந்தவர் எல்லாரும் ஒரே சபை, ஒரே அரசு என்பதற்கு அதுதான் முத்திரை. விவரம் தெரிந்த வயதில் நானே கேட்டுப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்றால் அந்தக் கட்டே அவிழ்ந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில், கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சீர்திருத்தக்காரர்களே 1527 ஜனவரியில் மறுஞானஸ்நானக்காரரான பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீர்தானே கேட்டாய், இந்தா என்ற குரூரமான கேலி அது. பிறகு 1534-35இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்தை இந்த மறுஞானஸ்நானக்காரர்களில் ஒரு பிரிவு பிடித்துக்கொண்டு ராஜ்யம் நடத்தியது. அதற்கு மேல் எந்த அதிகாரியும் இவர்களில் சாது யார், கலகக்காரன் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஆன்னெகன் பிரீல் ஊரில் வசதியான வீட்டுப் பெண். 1534இல் கணவரோடு ஞானஸ்நானம் பெற்றாள், இங்கிலாந்துக்குத் தப்பினாள், 1538 கடைசியில் கைக்குழந்தையோடு திரும்பினாள். ரோட்டர்டாம் போகும் வழியில் அவளும் துணைக்கு வந்த கிறிஸ்தினாவும் ஒரு பாட்டுப் பாடினார்கள். கூடப் பயணம் செய்த ஒருவருக்கு அந்தப் பாட்டு யாருடையது என்று தெரிந்திருந்தது. போதாதா? 1539 ஜனவரி 24 அன்று இருவரையும் அமிழ்த்தினார்கள். அவளுக்கு வயது இருபத்தெட்டு அளவில்.

அவளை அப்பாவித் தாயாக மட்டும் காட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவளுடையது என்று சொல்லப்படும் எக்காளப் பாட்டு ஒன்றில் துன்மார்க்கர்மேல் வரப்போகும் பழிவாங்கல் கொதிக்கிறது. அவள் நம்பிய தலைவர் டேவிட் யோரிஸ். (அந்த மனுஷர் பிற்பாடு சுவிட்சர்லாந்தின் பாசெலில் வேறு பெயரில் சொகுசாக வாழ்ந்து 1556இல் படுக்கையில் செத்தார். விஷயம் வெளியானதும் 1559இல் பிணத்தைத் தோண்டி எரித்தார்கள்.) தியாகிகளின் கதையைத் தொகுத்தவர்கள் இந்தக் கோபக்காரியை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எனக்கு அவளைத்தான் பிடிக்கிறது.

சட்டம் உயிரை எடுத்துக்கொண்ட பிறகு அவள் கையில் மிச்சம் இருந்தது ஒரே முடிவு: பிள்ளை யாரிடம். நீர்க்கரைக்குப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். ஆறு பிள்ளைகள் இருந்த ஒரு ரொட்டிக்காரர் முன்வந்தார். குழந்தை ஏசாயா, ஒரு பணப்பை, மகனுக்கு எழுதிய சாசனம், மூன்றும் கைமாறின. ‘தியாகிகளின் கண்ணாடி’ என்ற தொகுப்பின் 1685 பதிப்புக்கு ஓவியர் யான் லூய்கன் செதுக்கிய படத்தில் நீங்கள் பார்ப்பது இந்தக் கணத்தை.

அந்தச் சாசனத்தில் தீர்க்கதரிசிகளின் வழி, பாடுகளின் பாத்திரம் எல்லாம் வருகிறது, எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்திய இடம் வேறு. பசித்தவனுக்கு அப்பத்தைப் பங்கிடு, உன்னிடம் எதையும் இரண்டாக வைத்திராதே, இல்லாதவர் எப்போதும் இருக்கிறார்கள் என்கிறாள். சாகிற நாளில் சட்டைக் கணக்குப் பார்க்கிற அம்மா! பெரிய கூட்டத்தின் பின்னால் போகாதே, ஒதுக்கப்பட்ட சிறு மந்தையைத் தேடு என்றும் எழுதினாள். மகன் வளர்ந்து மதுவடிப்பாலை வைத்தார், அம்மாவைக் கொன்ற அதே ரோட்டர்டாமுக்கு மேயரும் ஆனார்.

கொண்டாட வேண்டாம் எஸ். நானும் கொண்டாட எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபின் ஒன்று உறுத்துகிறது. ஆறு பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் அந்த மனுஷர் ஏழாவதைத் தூக்கிக்கொண்டு நுழைந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாவைப் பற்றி என் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.