ஓடுதளத்தை மூடினால் கிணறு என்ன ஆகும்?

போர் விமானத் தளங்கள் மூடப்படும்போது மண்ணும் தண்ணீரும் என்ன ஆகின்றன என்று வட ஆற்காட்டு வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பல விமானப்படைத் தளங்களை மூடிவிட்டார்கள் என்று படித்தேன். சத்தமும் புகையும் நின்றால் சுற்றுச்சூழலுக்கு லாபம்தானே?
— வாசகர், அரக்கோணம்

உங்கள் ஊர் ராஜாளியை நினைத்துக் கேட்டிருந்தால், அது மூடப்படவில்லை. 1992 மார்ச்சில் தொடங்கிய அந்தக் கடற்படைத் தளத்திலிருந்து கண்காணிப்பு விமானங்கள் இன்றும் பறக்கின்றன. இங்கே சொல்வது வெளிநாட்டு அனுபவம்.

சத்தமும் புகையும் கடைசி விமானம் கிளம்பிய அன்றே நின்றுவிடும். தரைக்குள் இறங்கியது நிற்காது. அதில் முக்கியமானவை மூன்று. முதலாவது எரிபொருள். ஜெட் எரிபொருள் நம் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். தண்ணீரைவிட லேசானதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். காற்றுப் பட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே அதை மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, அதிலிருந்து விமானம் நிற்கும் இடம்வரை மண்ணுக்கடியில் ஓடும் குழாயை மறந்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. காலித் தொட்டி என்று அலட்சியமும் கூடாது. நிரம்பிய தொட்டியைவிட, அடியில் கொஞ்சம் கிடந்து ஆவி நிறைந்த தொட்டிதான் வெடிக்கும்.

இரண்டாவது, எஞ்சின் பாகங்களின் கிரீஸ் போக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். இது தண்ணீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால் மிதக்காமல் மூழ்கும். நம் பக்கத்து நிலத்தில் மண், மொரம்பு, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் திரவம் பாறை வெடிப்பு போகும் திசையில் போகும். ஒரு போர்வெல்லில் வரும், இருபது அடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டு போர்வெல்லில் வராது. தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்தாலும், மோட்டாரை நிறுத்தியபின் வெடிப்புகளில் தங்கியது கசிந்து அளவு மறுபடி ஏறும்.

மூன்றாவது, தீயணைப்பு நுரை. குழியில் எரிபொருளை ஊற்றிக் கொளுத்தி, நுரை அடித்து அணைப்பது தளங்களில் வழக்கமான பயிற்சி. பழைய நுரையிலிருந்த பி.எஃப்.ஏ.எஸ். வகை ரசாயனங்களை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்ப்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து பீஸ் விமானப்படைத் தளம் 1991-இல் மூடப்பட்டது. இந்த ரசாயனம் கலந்திருந்ததால் அங்கே ஒரு குடிநீர்க் கிணற்றை நிறுத்தியது 2014-இல்.

கேள்வி: கிணற்றில் எண்ணெய்ப் படலம்போல மினுங்குகிறது. எரிபொருள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, சோளிங்கர்

ஒரு குச்சியால் படலத்தைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டுதுண்டாக விலகி நின்றால் அது இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியா, பயமில்லை. கிழித்த இடம் உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். அப்படியானால் பக்கத்து மோட்டார் செட்டின் டீசலை முதலில் சந்தேகியுங்கள். கனமான கரைப்பானும் நுரை ரசாயனமும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்துக்கு போர்வெல் தண்ணீரை எப்படி எடுப்பது?
— வாசகர், காட்பாடி

மோட்டார் போட்டு ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர். ஆறரை அங்குல போர்வெல்லில் அடிக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் நிற்கும். 300 அடி ஆழம், 100 அடியில் தண்ணீர் என்றால் 200 அடிக்கு 1,300 லிட்டர். அதுபோல மூன்று மடங்கு வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் மோட்டாரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

கரைப்பான் சோதனைக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. விளிம்பில் தண்ணீர் மேடுகட்டும்வரை நிரப்பி மூடி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். கரைப்பான் அந்தக் காற்றுக்குள் போய்விடும். பிறகு ஐஸ் பெட்டி. நுரை ரசாயனத்துக்கு பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் குப்பி. டெஃப்லான் வைத்த மூடி ஆகாது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு எடுக்கவும் வேண்டாம், அதன் பூச்சிலேயே அதே ரசாயனம் இருக்கலாம்.

கேள்வி: காய்ச்சிக் குடித்தால் போதாதா?
— வாசகி, ஆற்காடு

போதாது. நுரை ரசாயனம் ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். கரைப்பான் ஆவியாகும், ஆனால் உங்கள் அடுப்படிக் காற்றில்தான் கலக்கும். ஆர்.ஓ. இயந்திரம் நுரை ரசாயனத்தைப் பெரும்பாலும் தடுக்கும். அதன் கழிவு நீரை மட்டும் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

கேள்வி: கைவிட்ட ஓடுதளத்தை உடைத்துவிட்டால் மழைநீர் இறங்குமே?
— வாசகர், குடியாத்தம்

இறங்கும். 2,000 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் என்றால் 9 ஹெக்டேர். அதன்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 9 லட்சம் லிட்டர். ஆனால் அடியில் கரைப்பான் இருந்தால் கான்கிரீட்தான் அதற்கு மூடி. மூடியைத் திறந்தால் மழை அதை இன்னும் கீழே தள்ளும். ஆகவே முதலில் கான்கிரீட்டில் துளையிட்டு அடிமண்ணைச் சோதித்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். உடைப்பதும் சின்ன வேலையல்ல. 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 65,000 டன், அதாவது பத்து டன் டிப்பரில் 6,500 நடை. உடைத்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால் சீமைக் கருவேலம் புகுந்துவிடும்.

2008-இல் மூடிய பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஓடுதளத்தை உடைக்கவே இல்லை. சுற்றியுள்ள புல்வெளியில் வானம்பாடி கூடு கட்டுகிறது, குஞ்சு பொரிக்கும் காலத்தில் வேலி போடுகிறார்கள்.

தளத்து வடிகால் ஏரியில் விழுந்தால், அது விழும் இடத்து வண்டலைச் சோதிக்காமல் வயலுக்கு அள்ளாதீர்கள்.

கேள்வி: சுத்தம் செய்யும் செலவு யாருடையது?
— வாசகர், ராணிப்பேட்டை

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. குரோமேட் ஆலை மூடிப் பல ஆண்டுகளாகியும் கழிவு மேடு கிடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிசெய்ததே பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில்தான்.

அமெரிக்கச் சட்டப்படி, மாசுபட்ட அரசு நிலத்தைக் கைமாற்றும்போது தேவையான சுத்திகரிப்பு செய்யப்பட்டது என்று அரசு பத்திரத்தில் உறுதி தர வேண்டும். பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்க விமானப்படையின் கிளார்க் தளத்தை 1991-இல் அந்நாட்டிடம் ஒப்படைத்தபோது அப்படி எதுவும் எழுதப்படவில்லை. பினாட்டுபோ எரிமலைக்குத் தப்பி வந்தவர்களை அதே தளத்தில் தங்கவைத்தார்கள். அவர்கள் அங்கிருந்த கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

ஆகவே நிலத்தை வாங்கும் தரப்பு கையெழுத்துக்கு முன்பே தொட்டி, குழாய், குப்பைக் குழி எல்லாம் குறித்த வரைபடம், சோதனை முடிவுகள், பின்னால் ஏதாவது தோண்டி எடுத்தால் யார் செலவு என்ற ஷரத்து, நிலத்தடி நீரைச் சோதிக்கத் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளை மூடமாட்டோம் என்ற உறுதி ஆகியவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். நுரைப் பயிற்சிக் குழி வரைபடத்தில் இல்லாமல் போகலாம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தீயணைப்புக்காரர் கையை நீட்டிக் காட்டுவார். அவர் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் குறித்துவையுங்கள்.