கணக்கில் முந்துகிறான், எழுத்தில் பின்தங்குகிறான்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டிலக்க எண்களை மனத்துக்குள்ளேயே பெருக்கி விடை சொல்லிவிடுவான். செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. ஆனால் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. தான் எழுதியதை அவனாலேயே பிறகு படிக்க முடிவதில்லை. ‘திறமை இருந்தும் சோம்பேறி’ என்று பள்ளி நாட்குறிப்பில் எழுதி அனுப்புகிறார்கள். கையெழுத்து திருந்தும்வரை சதுரங்க வகுப்பையும் அறிவியல் புத்தகங்களையும் நிறுத்திவைக்கலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா? – வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புச் சகோதரி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நீங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த கணக்கு நோட்டுத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு கணக்குகளில் ஆறுக்கு விடை சரி. தவறிய ஒன்றும் பெருக்கத் தெரியாததால் தவறவில்லை. பத்தாம் இடத்து எண் நகர்ந்து நூறாம் இடத்தின் கீழே போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்துகள் விரலில் தட்டுப்படுகின்றன. அந்த அளவுக்குப் பென்சிலை அழுத்தியிருக்கிறான். சோம்பேறிப் பிள்ளை இப்படி அழுத்தி எழுதமாட்டான். மற்றவர்களுக்குத் தானாக ஓடும் கை, அவனுக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் உழைக்க வேண்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிகுந்த அறிவுத்திறனும் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது உண்டு. திறமை குறையை மறைக்கிறது, குறை திறமையை மறைக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் நடுத்தர மதிப்பெண் வாங்கும் சாதாரண மாணவனாகவே அவன் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிகிறான். நுண்ணறிவுச் சோதனையிலும் இதே ஆபத்து உண்டு: மொழியறிவிலும் தர்க்கத்திலும் மிக உயர்வாகவும், எழுதும் வேகத்தில் மிகத் தாழ்வாகவும் நிற்கும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணைக் கொடுத்தால், அந்த எண் அவனைப் பற்றி எதையும் சொல்லாது. ஆகவே உளவியலாளரிடம் அழைத்துச் செல்லும்போது ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகனுக்குக் குறைபாடு உண்டா, இல்லையா என்பதை ஒரு தாளைப் பார்த்து நான் தீர்மானிக்க முடியாது. முறையான பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு அதில் இடமுண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு சான்றிதழுக்காக அலைவதைவிட இப்போதே தொடங்குவது நல்லது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைவுபடுத்துகிறேன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த கணித மேதை இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அக்காலக் கல்லூரிப் படிப்பு) தேர்வில் அவரால் தேற முடியவில்லை. பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது 1913இல்தான். அவருக்குக் கற்றல் குறைபாடு இருந்ததாக நான் சொல்லவில்லை. உங்கள் மகன் இராமானுஜன் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. எல்லாப் பாடத்திலும் சமமாக நின்றால்தான் ஒன்றில் மேலே போகலாம் என்ற விதி அன்றும் பிழையாகவே இருந்தது என்கிறேன்.

உங்கள் கணவரின் யோசனையில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆசிரியையாக இருந்த தொடக்க ஆண்டுகளில் நானும் இப்படிப்பட்ட ஒரு மாணவனுக்கு இம்போசிஷன் கொடுத்தேன். பத்து முறை எழுதச் சொன்னேன். பத்தாவது முறை எழுதியது முதல் முறையைவிட மோசமாக இருந்தது. அடுத்த வாரம் முதல் அவன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான். சதுரங்கத்தைப் பிடுங்கினால் கையெழுத்து திருந்தாது. தன்னால் முடியும் என்று அவன் உணரும் ஒரே இடமும் கையைவிட்டுப் போகும்.

கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று எழுதினால் இடமதிப்பு நகராது. மாலையில் அவன் வழிமுறையை வாயால் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். கையெழுத்துப் பயிற்சி நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பென்சில் பிடிக்கும் முறையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) ஒருவரிடம் காட்டுங்கள். கணினியில் தட்டச்சையும் இப்போதே பழக்கலாம். வகுப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தின் நகலை அவனுக்குத் தர முடியுமா என்று.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பெரியவர்களுக்கான சிறுகதைகளைக்கூடப் படித்துப் புரிந்துகொள்கிறாள், கணக்கில் வயதுக்கேற்ற அளவில்தான் இருக்கிறாள். ஒரு வகுப்பு தாண்டி ஐந்தாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். – வாசகர், சிவகாசி.

பதில்: உங்கள் மகளுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. மொழியில் அவளுக்குள்ள முன்னேற்றத்துக்காகக் கணக்கில் ஓர் ஆண்டுப் பாடத்தை இழக்கச் செய்வது நியாயமன்று. தமிழ்ப் பாடவேளையில் மட்டும் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். பள்ளி மறுத்தால், அருகிலுள்ள பொது நூலகத்தில் உறுப்பினராக்கி, வாரம் ஒருமுறை புத்தகத்தை அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.