ஆன்டிபாடியும் இன்சுலினும்: வாசகர் கேள்விகள்

என் சி-பெப்டைட் 0.9. இது டைப் 1-ஆ, டைப் 2-வா?

சி-பெப்டைட் என்பது இன்சுலினோடு சேர்ந்து கணையம் விடும் துண்டு; சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று காட்டும். டைப் 1 என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பை அழிப்பது. ரத்தம் எடுத்தபோது சர்க்கரை எவ்வளவு? கிரியாட்டினின் எவ்வளவு (சிறுநீரகம் மந்தமானால் சி-பெப்டைட் கூடுதலாகக் காட்டும்)? ஒற்றை எண்ணை அனுப்பிவிட்டு முடிவு கேட்காதீர்கள். சர்க்கரை 70 இருந்தால் கணையம் இன்சுலினைக் குறைத்துத்தான் சுரக்கும். அதே 0.9 சர்க்கரை 200 இருக்கையில் வந்தால் கவலைப்பட வேண்டும். முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஜிஏடி ஆன்டிபாடிதான் கணையத்தை அழிக்கிறதா?

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொல்வது முக்கியமாக டி-செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள். ரத்தத்தில் தெரியும் ஜிஏடி ஆன்டிபாடி அந்தத் தாக்குதலுக்குச் சாட்சி.

ஆறு மாதமாக இன்சுலின் போடுகிறேன். இன்சுலின் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்கிறார்கள்.

ஊசி தொடங்கி இரண்டு வாரம் ஆனாலே அந்தப் பரிசோதனையால் பயனில்லை. போடும் இன்சுலினுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாகும். அதற்குப் பதில் ஜிஏடி, ஐஏ-2 என்ற மற்ற ஆன்டிபாடிகளைப் பாருங்கள். ஊசியை நிறுத்தாதீர்கள்.

வயது 38, எடை 49 கிலோ. மூன்று வருடமாக மாத்திரை. மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 10-க்குக் கீழே வரவில்லை. ‘வாயைக் கட்டு’ என்று திட்டுகிறார்கள்.

இந்தக் கடிதம் மாதம் ஒன்றாவது வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. முப்பது தாண்டியவர் என்றாலே டைப் 2 என்று எழுதிவிடுகிறார்கள். ஒல்லியாக இருக்கிறார், எடை இறங்குகிறது, மாத்திரை கேட்கவில்லை என்றால் ஜிஏடியும் சி-பெப்டைடும் கேட்க வேண்டாமா? இது லாடாவாக இருக்கலாம்: பெரியவர்களுக்கு மெதுவாக வரும் டைப் 1. சுரப்பு வருடா வருடம் வற்றும்போது பட்டினி கிடந்து என்ன பயன்? கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் இங்கே உகந்தவை அல்ல. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை தந்திருந்தால் உடனே டாக்டரிடம் பேசுங்கள். இன்சுலின் வற்றியவருக்கு அந்த மாத்திரையால் சர்க்கரை 200 இருக்கும்போதே கீட்டோன் (கொழுப்பு எரிவதால் சேரும் அமிலம்) ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். ஜிஏடி நெகட்டிவ் வந்தாலும் விடாதீர்கள்: கணையத்தில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள். நம் பக்கம் அதனால் வரும் சர்க்கரை நோயும் உண்டு. ஜிஏடி பாசிட்டிவ் என்றால், எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கலாம் என்பதால் அதையும் பாருங்கள். தப்பு உங்கள் சாப்பாட்டில் இல்லை.

மூத்தவனுக்கு டைப் 1. இளையவளுக்கு (9 வயது) இரண்டு ஆன்டிபாடி பாசிட்டிவ், சர்க்கரை நார்மல்.

இது டைப் 1-ன் முதல் கட்டம். இப்படிப்பட்ட குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் வெளிப்படுகிறது. அடுத்த கட்டத்தில், அதாவது சர்க்கரை சற்றே மாறத் தொடங்கிய நிலையில், இருப்பவர்களுக்கு அதை ஏறத்தாழ இரண்டு வருடம் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் மருந்துக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். அதிக தாகம், இரவில் படுக்கை நனைதல் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கஷாயம் கொடுத்ததில் மகளின் இன்சுலின் 20 யூனிட்டிலிருந்து 4 ஆகிவிட்டது. நிறுத்தலாமா?

கூடாது. அது தேனிலவுக் காலம். மிச்சமுள்ள பீட்டா செல்கள் சில மாதம் தலைதூக்கும், பிறகு அடங்கும். 4 யூனிட் என்றாலும் போடுங்கள். ஊசியை நிறுத்தாதீர்கள்.