எளிய சமன்பாடுகளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்: சில கேள்விகளும் பதில்களும்

தெரியாத எண்ணை இந்தப் பதில்களில் 'ய' என்று குறித்திருக்கிறேன். வேறு எந்த எழுத்தை எடுத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது என்பதைப் பிள்ளைகளும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மகள் நான்கு அடிப்படைச் செயல்களையும் பிழையின்றிச் செய்கிறாள். ஆனால் கணக்கில் எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டதும் கை நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

எழுத்தைக் கண்டு அஞ்சுவதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் சிக்கல் சமக்குறியில்தான் இருக்கும். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். 12 என்றோ 17 என்றோ எழுதினால், 'இதுவரை உள்ளதைக் கணக்கிட்டு விடையை எழுது' என்ற கட்டளையாகவே அவள் சமக்குறியைப் படிக்கிறாள் என்று பொருள். தொடக்க வகுப்புகளில் கணக்குகள் எல்லாம் 6 + 3 = என்ற ஒரே வடிவில் வருவதாலும், கால்குலேட்டரில் அந்தப் பொத்தானை அழுத்தியதும் விடை தோன்றுவதாலும் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிடுகிறது.

1557-இல் இந்தக் குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள்கள் வேறில்லை என்பதையே காரணமாகச் சொன்னார். அந்தக் கருத்தைப் பிள்ளைக்கு மீட்டுத் தர வேண்டும். 9 = 4 + 5, 7 = 7, 6 + 5 = 8 + 3, 6 + 5 = 11 + 3 போன்றவற்றை எழுதி, எவை உண்மை, எவை பொய் என்று கேளுங்கள். பிறகு 37 + 48 = 38 + □ என்பதைக் கூட்டிப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒருபுறம் ஒன்று கூடியிருப்பதால் மற்ற எண்ணில் ஒன்று குறைய வேண்டும் என்று அவளே கண்டு 47 என்று சொன்னால், அவள் இயற்கணிதத்துக்குள் வந்துவிட்டாள். அதன்பின் கட்டம் இருந்த இடத்தில் எழுத்தை வைப்பது சிறிய மாற்றமே.

கேள்வி: 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லிக் கொடுத்தேன். என் மகன் 3ய = 12 என்பதற்கு ய = 12 − 3 = 9 என்று விடை எழுதுகிறான்.

நீங்கள் சொன்ன விதியைத்தான் அவன் பின்பற்றியிருக்கிறான். 3-ஐ அந்தப் பக்கம் கொண்டு போனான், குறியை மாற்றினான். சமன்பாட்டில் எதுவும் எங்கும் போவதில்லை என்பதையும், இருபுறமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பதையும் அந்தச் சொற்றொடர் மறைத்துவிடுகிறது. எனவே அதைக் கடைசியில் சொல்ல வேண்டிய குறுக்குவழியாக மட்டுமே கருதுகிறேன். முதல் பாடமாக அதைக் கற்பிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

3ய + 5 = 20 என்பதை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, வந்ததோடு 5-ஐக் கூட்டினால் 20 கிடைக்கிறது என்று முதலில் வாயால் சொல்ல வைக்க வேண்டும். கடைசியாகச் செய்தது கூட்டல். ஆகவே முதலில் நீக்க வேண்டியதும் அதுவே. இருபுறமும் 5-ஐக் கழித்தால் 3ய = 15. அடுத்து, இருபுறமும் 3-ஆல் வகுத்தால் ய = 5. 'இருபுறமும் −5', 'இருபுறமும் ÷3' என்று ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதும் பழக்கம் சில வாரங்களாவது இருக்கட்டும். முதலிலேயே 3-ஆல் வகுத்தாலும் தவறில்லை. ஆனால் 5-ஐயும் வகுக்க மறக்கக் கூடாது, பின்னங்களும் வந்து சேரும். இதையும் ஒருமுறை செய்து காட்டினால், வரிசை என்பது வசதிக்காக ஏற்பட்டது என்பது புரியும்.

உங்கள் மகனின் விடையைத் திருத்தாமல், 9-ஐ ய இருந்த இடத்தில் பிரதியிடச் சொல்லுங்கள். 3 × 9 = 27; கணக்கில் இருப்பதோ 12. தவறு என்று நீங்கள் சொல்லத் தேவையே இராது.

கேள்வி: மகள் ஊகித்தே விடை சொல்லிவிடுகிறாள். படிகளை எழுத மறுக்கிறாள்.

ஊகித்துப் பொருத்திப் பார்ப்பது நேர்மையான முறையே. தீர்வு என்பது சமன்பாட்டை உண்மையாக்கும் எண் என்பதை அவள் உணர்ந்திருக்கிறாள். ய + 7 = 12-க்குப் படிகள் கேட்டு வற்புறுத்தாதீர்கள். 5ய − 4 = 2ய + 3 என்பதைக் கொடுங்கள். விடை 7/3 என்பதால் முழு எண் எதுவும் பொருந்தாது. முறையின் தேவையை அவளே உணர்வாள்.

கேள்வி: தராசு உவமையை வைத்து விளக்கினேன். குறை எண்கள் வந்ததும் அது உதவவில்லை.

உதவாதுதான். ய + 9 = 4 என்பதைத் தட்டுகளில் வைத்துக் காட்ட இயலாது. இருபுறமும் ஒன்றையே செய்ய வேண்டும் என்ற கருத்து பதிந்ததும் தராசை விட்டுவிட்டு எண்கோட்டுக்குப் போய்விடுங்கள். 7 − ய = 10 போன்றவற்றில் பலர் தடுக்கி விழுவார்கள்; இருபுறமும் ய-வைக் கூட்டினால் 7 = 10 + ய என்றாகி, ய = −3 என்பது தெளிவாகிவிடும்.

கேள்வி: 2ய + 3 = 11 = 8 = 4 என்று ஒரே வரியில் எழுதுகிறான். விடை சரிதானே?

விடை சரி, எழுதியிருப்பது பொய். 11-ம் 8-ம் சமமல்ல. ஒரு வரிக்கு ஒரு சமன்பாடு, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்று. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிகிறது, சொற்கணக்கிலிருந்து அதை அமைக்கத் தெரியவில்லை.

எழுத்தைப் பொருளின் சுருக்கப் பெயராக எண்ணுவதே இதற்கு முதன்மையான காரணம். 'ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள்' என்பதை 6மா = ஆ என்று எழுதிவிடுவார்கள். பொறியியல் பயிலும் மாணவர்களே இதில் தடுமாறியது 1980களின் தொடக்கத்தில் ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால், பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 'மா என்பது மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழு வாக்கியமாக எழுதிய பிறகே சமன்பாட்டைத் தொடங்க விடுங்கள். பிறகு 10 ஆசிரியர்கள், 60 மாணவர்கள் என்று எண்களை இட்டுப் பார்த்தால், மா = 6ஆ என்பதே பொருந்தும் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பின்னங்கள் உள்ள சமன்பாடுகளை எப்போது தொடங்கலாம்?

அடைப்புக்குறிகளை நீக்கத் தெரிந்த பிறகு. ய/2 + ய/3 = 10 என்பதை இருபுறமும் 6-ஆல் பெருக்கினால் 3ய + 2ய = 60, ய = 12. வலப்பக்கத்து 10-ஐப் பெருக்காமல் விட்டுவிடுவதே வழக்கமான பிழை. இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுப் பெருக்கினால் அது பெரும்பாலும் நேராது.