சத்தம் போடாத கேமிங் லேப்டாப் கிடைக்குமா? கேள்வி பதில்

கேள்வி: பகல்ல ஆபீஸ் வேலை, வீடியோ மீட்டிங், ராத்திரி கேம், எல்லாத்துக்கும் ஒரே லேப்டாப் வேணும். இப்ப இருக்கிறதுல கேம் ஓப்பன் பண்ணாலே மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம், பக்கத்துல யாரும் தூங்க முடியல. ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கேன், ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுதான். ஒண்ணு ஒல்லியா அழகா இருக்கு, இன்னொண்ணு தடியா வெயிட்டா இருக்கு. எதை எடுக்கலாம்?

பதில்: தடியானதையே எடுங்க. ரெண்டுலயும் ஒரே கார்டுன்னு நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. லேப்டாப் 4060-க்கு என்விடியா குடுத்திருக்கிற பவர் அளவு 35 வாட்ல ஆரம்பிச்சு 115 வாட் வரைக்கும் போகுது, அதுக்குள்ள எவ்வளவு வைக்கணும்னு முடிவு பண்றது லேப்டாப் கம்பெனி. சில கம்பெனி 140 வாட்னு கூட போட்டிருப்பாங்க, அது பிராசஸர் சும்மா இருக்கிறப்ப அதோட பங்குலேருந்து 25 வாட் வரைக்கும் கார்டுக்குத் தள்ளிவிடுற டைனமிக் பூஸ்ட்டையும் சேர்த்த கணக்கு. மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இதெல்லாம் இருக்காது, ஸ்பெக் பட்டியலைக் கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்தா டிஜிபின்னோ மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னோ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லைன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

சரி, வாட் கம்மின்னா சூடு கம்மி, அப்ப ஒல்லி லேப்டாப்தானே அமைதியா இருக்கணும்னு தோணும். நடக்கிறது வேற. ஒல்லி பாடியில ஹீட்சிங்க்கும் (சிப்போட சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) சின்னது ஃபேனும் சின்னது, 80 வாட் சூட்டை வெளிய தள்ளவே அது உயிரைக் குடுத்து சுத்தணும், சின்ன ஃபேன் வேகமா சுத்துறப்ப வர்ற அந்தக் கீச்சு சத்தம்தான் காதைக் குடையும். தடி லேப்டாப் முழு பவரையும் தாங்குற மாதிரி செஞ்சது, அதை நீங்க 80-ல ஓட்டினா ஃபேன் அலட்டிக்காம சுத்தும். ஃபேன் வேகம் பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதி சத்தமாத்தான் தெரியும். ஆனா எஃப்பிஎஸ், அதாவது ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம் எண்ணிக்கை, அந்த அளவுக்கெல்லாம் விழாது, ஏன்னா மேல்மட்டத்துல ஏத்துற வாட்டுக்குக் கிடைக்கிற வேகம் ரொம்ப சொற்பம். வாங்குறப்ப பெரிய கூலர், ஓட்டுறப்ப கம்மி வாட், யார் கேட்டாலும் நான் சொல்றது இதுதான்.

ரிவ்யூ பார்க்கிறப்ப ஒரு விஷயம். எஃப்பிஎஸ் எந்த மோட்ல எடுத்தாங்க, சத்தம் எந்த மோட்ல எடுத்தாங்கன்னு பாருங்க. டர்போ மோட்ல எடுத்த எஃப்பிஎஸ்ஸையும் சைலன்ட் மோட்ல எடுத்த டெசிபலையும் பக்கத்துல பக்கத்துல போட்டா எந்த லேப்டாப்பும் அற்புதமாத்தான் இருக்கும். சைலன்ட் இல்லைன்னா பேலன்ஸ்டு மோட்ல ரெண்டும் ஒண்ணா எடுத்த ரிவ்யூ கிடைச்சா அதை நம்புங்க. 30 டெசிபலுக்குக் கீழன்னா அமைதியான ரூம்லயே கவனிச்சாத்தான் கேக்கும், 40 வரைக்கும் தாங்கலாம், 50 தாண்டினா ஹெட்போன் இல்லாம ஆகாது.

அப்புறம் ஆபீஸ் வேலைக்கு எக்ஸ்ட்ரா மானிட்டர் மாட்டுவீங்கன்னா அதையும் யோசிங்க. பல கேமிங் லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ போர்ட் நேரா கிராபிக்ஸ் கார்டுலேருந்து வரும், அதுல மானிட்டரை மாட்டினா நீங்க எக்செல் பார்த்துட்டு இருந்தாலும் அந்தக் கார்டு தூங்காம முழிச்சுட்டே இருக்கும், ஃபேனும் கூடவே சுத்தும். பிராசஸரோட சொந்த கிராபிக்ஸ்லேருந்து வர்ற டைப்-சி போர்ட் இருக்கான்னு விசாரிச்சு வாங்கினா மீட்டிங்ல இந்தத் தொல்லை இல்ல.

கேள்வி: அண்ணா, புதுசு வாங்குற அளவுக்குக் காசு இல்ல, இருக்கிற கேமிங் லேப்டாப்பையே அமைதியாக்க முடியுமா? பிரவுசர்ல நாலு டேப் திறந்தாலே ஃபேன் புர்ருனு ஏறி இறங்குது.

பதில்: முடியும் தம்பி, காசு செலவில்லாமலே. பிரவுசருக்கே ஃபேன் ஏறி ஏறி இறங்குதுன்னா அது டர்போ பண்ற வேலை, பேஜ் லோடாகிற ரெண்டு செகண்டுக்கு பிராசஸர் எகிறிக் குதிக்குது, சூடு ஏறுது, ஃபேன் பதறுது. விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்னு ஒண்ணு இருக்கும், 100-ன்னு இருக்கிறதை 99 ஆக்குங்க. ஒரு சதவீதம்தான் குறையுதுன்னு நினைக்காதீங்க, பெரும்பாலான லேப்டாப்ல அப்படி வச்சா டர்போவே ஆஃப் ஆயிடும். ஆபீஸ் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா பிராசஸரை நம்பி ஓடுற கேம்ல அடி வாங்கும், அதனால இதுக்குன்னு தனி பவர் பிளான் போட்டு வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி யூஸ் பண்ணு. சில புது லேப்டாப்ல இந்த ஆப்ஷனை ஒளிச்சு வச்சிருப்பாங்க, அங்க லேப்டாப்போட சொந்த ஆப்ல சைலன்ட் மோட் போட வேண்டியதுதான்.

கேமுக்கு ஃப்ரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு கட்டு. கட்டலைன்னா மெனு ஸ்க்ரீன்லயே கூட கார்டு தலைதெறிக்க 300 எஃப்பிஎஸ்ஸுக்கு ஓடும், யாருக்குய்யா அது? என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃப்ரேம் ரேட், ஏஎம்டி கார்டுன்னா ரேடியான் சில்ங்கிற ஆப்ஷன். கதை கேமுக்கு 60 தாராளம், சுட்டு விளையாடுறதுக்கு வேணும்னா 90, 100 வை. கார்டோட வேலை குறைஞ்சா வாட் தானா இறங்கிடும்.

அண்டர்வோல்ட் பண்ணு, அதாவது சிப்புக்குப் போற வோல்டேஜைக் குறைன்னு யூடியூப்ல சொல்லுவாங்க, நல்ல வழிதான், ஆனா இன்டெல் லேப்டாப்னா பூட்டியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. 2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்னு ஒரு செக்யூரிட்டி ஓட்டை வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம் நிறைய கம்பெனிங்க பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்ல வோல்டேஜ் செட்டிங்கையே மூடிட்டாங்க. கிராபிக்ஸ் கார்டுல அந்தப் பிரச்சனை இல்ல, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேர்ல பண்ணலாம்.

தூசி தட்டுறப்ப மட்டும் ஒண்ணு, புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால பிடிச்சுக்கோ, காத்துல கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும்.

கேள்வி: வீடியோ எடிட்டிங்கும் மைக்ல வாய்ஸ் ரெக்கார்டிங்கும் பண்றேன், இடையில கேம். டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணா அமைதியா இருக்க லிக்விட் கூலர் அவசியமா?

பதில்: அவசியம் இல்லைங்க. மைக் வச்சு ரெக்கார்டு பண்றவங்களுக்கு நான் டவர் ஏர் கூலரைத்தான் சொல்லுவேன், லிக்விட்ல ஃபேன் போதாதுன்னு பம்ப் சத்தமும் சேரும், பம்ப்பு, தண்ணி சுத்துற லூப்லயே உயரமான இடத்துல இருக்கிற மாதிரி மாட்டினா காத்துக் குமிழ் அங்க போய் மாட்டி கொடகொடன்னு கேக்கும். ரெண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் வச்ச டவர் கூலர், அதுக்கு ஏத்த மாதிரி அளவான பிராசஸர், அவ்வளவுதான். இன்டெல் ஐ9 14900கே பிராசஸர் முழு டர்போவுல 253 வாட் கேக்கும், அதை வாங்கிட்டு அமைதி வேணும்னா எப்படி. ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட்னு போட்டிருந்தாலும் கேம்ல அதைவிட நல்லாவே கம்மியாத்தான் இழுக்கும். எடிட்டிங்தான் முக்கியம்னா கோர் ஜாஸ்தியான ரைசனா எடுத்து பயாஸ்ல பவரைக் குறைச்சு ஓட்டுற ஈகோ மோட் போட்டு விடுங்க, ரெண்டர் கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.

கார்டுலயும் இதே கணக்குதான். ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 250 வாட், 5080-க்கு 360, 5090-க்கு 575. கூலர் எவ்வளவு நல்லா இருந்தாலும் 575 வாட் சூடு ரூமுக்குள்ளதானே வரணும், ஃபேன் மெதுவா சுத்தினாலும் கொஞ்ச நேரத்துல ரூமே கொதிக்கும். தேவைக்கு ஏத்த கார்டுல மூணு ஃபேன் மாடலா எடுத்து பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க. கேபினட்டுக்கு உள்ள ஸ்பான்ஞ் ஒட்டி சைலன்ட்னு விக்கிறதைவிட முன்னாடி மெஷ் வச்சதே பெரும்பாலும் அமைதி, காத்து தாராளமா வந்தா ஃபேனுக்கு வேகமா சுத்தத் தேவை இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா கழட்டிடுங்க, மைக் அருமையா அந்தக் கரகரப்பைப் பிடிக்கும்.

கேள்வி: ஃபேனே இல்லாத லேப்டாப் வாங்கிட்டா பிரச்சனையே இல்லையே?

பதில்: வேலைக்கு மட்டும்னா தாராளமா வாங்கலாம். 2020-ல வந்த எம்1 மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது, ஆனாலும் ஆபீஸ் வேலை, கோடிங் எல்லாம் ஜம்முனு போகும். ஆனா அரை மணி நேரம் தொடர்ந்து ரெண்டர் போட்டா சூடு ஏறி வேகத்தைக் குறைச்சுக்கும். கேமுக்கு இந்த ரூட் வேணாம்.

கேள்வி: வாங்கின உடனே எதைச் செக் பண்ணணும்?

பதில்: திருப்பிக் குடுக்கிற தேதி முடியறதுக்குள்ள ஒரு ராத்திரி ரூம் ஃபேனெல்லாம் ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க. முதல்ல சும்மா ஓட விட்டுக் கேளுங்க, அப்புறம் ஒரு அரை மணி நேரம் கேம், அப்புறம் அந்தக் கேமோட மெனுவுல ஃப்ரேம் ரேட் கட்டாம விட்டுக் காதைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க. ஃபேன் சத்தத்துக்கு நடுவுல ஒரு ஙீய்ங்னு வந்து, எஃப்பிஎஸ் ஏற ஏற அதுவும் மாறினா அது காயில் வைன், மின்சாரம் போற காயில் அதிர்றதால வர்றது. கெட்டுப் போனதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா எந்த செட்டிங்லயும் முழுசாப் போகாது, ஃப்ரேம் கட்டினா கொஞ்சம் அடங்கும். சர்வீஸ் சென்டர்ல இதெல்லாம் நார்மல்னு சொல்லி அனுப்பத்தான் பார்ப்பாங்க, அதனால உங்களுக்கு உறுத்துச்சுன்னா அந்த வாரமே மாத்திடுங்க. அதே மாடல்ல இன்னொரு பீஸ் சத்தமே இல்லாம வரவும் வாய்ப்பு இருக்கு.